மணல்வாரி

வேர்க்குரு என்றுதான் முதலில் சொன்னார் கேம்ப் பாஸ் குரியச்சன்.
சோஹாரில் ஜூன் மாதம் யாருக்குத்தான் வேர்க்காது.
ஏழாவது ஆள் படுத்த பிறகு
எங்கள் அலுவலகத்துக்கு போன் வந்தது.

பதினொன்றாம் அறை. அடுக்குக் கட்டில்கள், ஒரே ஏசி.
டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன்.
கன்னத்தின் உட்புறம்
ரவை சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.
இன்னொருவருக்குக் காதுக்குப் பின்னால் புறப்பட்ட சிவப்பு
கழுத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது மணல்வாரிங்க" என்றார் செங்கோடன்.
சங்ககிரிக்காரர், குழாய் பற்றவைப்பவர்.
"எங்கூர்ல ஆத்தா வந்துட்டான்னு வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க."
நான் கதவில் ஒட்டியது
அரபியில் அச்சடித்த மஞ்சள் தாள்.
வெளியே காற்று, மணலை வாரி
அதன் மேலேயே இறைத்தது.

பழியை அதற்குள் தயார் செய்திருந்தது கேம்ப்:
பத்து நாளுக்கு முன் வந்திறங்கிய பிஷ்ணு தாமாங்.
அவன் தட்டு மட்டும் குழாயடியில் தனியாகக் கிடந்தது.
அவனுக்கு உடம்பு சுடவே இல்லை.
தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்:
அவன் காத்மாண்டுவில் விமானம் ஏறும்போதே
செங்கோடனுக்குக் காய்ச்சல் கண்டு நாலு நாள்.
அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன்.
தவிட்டு நிறத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தது.

முதல் ஆள் அவர்தான். அவருக்கு யார் தந்தது?
"அதுக்கு முந்தின மூணு வாரம், எங்கெங்க போனீங்க?"
சைட். பஸ். மெஸ். சைட். பஸ். மெஸ்.
மே பதினைந்து, வெள்ளிக்கிழமை மாலை மட்டும்
"சும்மாங்க" என்றார்.
இரண்டாம் முறையும் சும்மா.
மூன்றாம் முறை, குரியச்சன் டீ வாங்கப் போன நேரத்தில்,
ஒரு பாலிகிளினிக்கின் பெயர் சொன்னார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை.
அவர் மனைவி கோகிலவாணி
அந்தத் தெருவில் ஒரு வில்லாவில் வேலை.
அந்த வீட்டுப் பிள்ளைக்கு
வெள்ளிதோறும் பேச்சுப் பயிற்சி, நாற்பது நிமிடம்.
பிள்ளை உள்ளே ஒவ்வொரு சொல்லாகக் கற்கும்.
வெளியே இவர்கள்,
நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு,
டிவியைப் பார்த்தபடி
உதடு அசையாமல் பேசிக்கொள்வார்கள்.
இரண்டு வருடமாக இதுதான் குடித்தனம்.

கிளினிக்கின் பதிவேட்டைப் புரட்டினேன்.
அன்று நாலு வயதுப் பையன், காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு.
ஐந்து பத்துக்குக் கிளம்பிவிட்டான்.
செங்கோடன் வந்தது ஐந்தரை.
ஆள் போனாலும் அந்தக் கிருமி
மூடிய அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.
காலி நாற்காலியில் அன்று அதுதான் இருந்தது.

கோகிலவாணிக்கு போன் செய்தேன்.
"எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சுங்க மேடம்.
அவருக்கு இப்ப எப்பிடி?" பிறகு குரலைத் தாழ்த்தி,
"எங்க மேடத்துகிட்ட சொல்லிருவீங்களா?"

படிவத்தில் எழுதினேன்:
தொற்றிய இடம், காத்திருப்பு அறை.
சென்ற காரணம்: ஏசி காற்றுக்காக.
அதிகாரி சிரித்தார், கையெழுத்திட்டார்.
பொய்தான். ஆனால் பிஷ்ணுவின் தட்டு
மற்றத் தட்டுகளோடு திரும்பச் சேர்ந்தது.
எண்பது பேருக்கு ஊசி போட்டோம்.
ஒன்பதுக்கு மேல் ஆள் விழவில்லை.

ஜூலையில் சரிபார்க்கப் போனேன்.
என் அறிக்கையை அந்த கிளினிக் ஒழுங்காகப் படித்திருந்தது.
நாற்காலிகளைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.
வாசலில் காவலாளி, மூன்று மொழியில் பலகை:
நோயாளி அல்லாதோர் உட்காரக் கூடாது.

உள்ளே, பள்ளிப் பை ஒன்றை மடியில் வைத்து
ஒரு பெண் இருந்தாள்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
வெயிலில் நின்ற ஒருவரைப் பார்க்காததுபோல
பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்னை அவளுக்குக் குரலில் மட்டும்தான் தெரியும்.
நான் வாயைத் திறக்காமல்
கிருமிநாசினிப் புட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.